ஒன்றரை வினாடி அழுகை

என் பாட்டு ஒன்றில் என் அக்கா அழுகிறாள். ஒன்றரை வினாடி. அந்தப் பாட்டுக்குக் கைதட்டியவர்கள் யாருக்கும் அது அழுகை என்று தெரியாது. ஏதோ ஒரு பாடகியின் குரலைச் சுருதி ஏற்றிப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அக்காவுக்கும் தெரியாது என்று ஏறக்குறைய ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்ப விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி.

எனக்கு ஒலிதான் பிழைப்பு. கிள்ளான், பூச்சோங் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மைக்கும் ஒலிபெருக்கியும் வைத்துக் கொடுப்பவன். மற்ற நேரமெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இருக்கும் அறையில், பழைய சேம்ப்ளர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். சேம்ப்ளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பெட்டி, அதன் மேல் பதினாறு ரப்பர் சதுரங்கள். ஒரு சத்தத்தை மைக் வழியாக உள்ளே வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, சதுரத்துக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். எந்தச் சதுரத்தைத் தட்டுகிறோமோ அந்தத் துண்டு ஒலிக்கும். அப்படித் தட்டித் தட்டி, ஒரு டிராக்கின் மேல் இன்னொரு டிராக்கை அடுக்கிக்கொண்டே போனால் பாட்டு வந்துவிடும். கணினியில் இதை இன்னும் சுலபமாகச் செய்யலாம். கணினியில் செய்வதெல்லாம் ஓர் இசையா என்று மாமாக் கடை மாமாக் கடையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பேசியவன் நான். அந்தத் திமிருக்கும் இதில் பங்கு உண்டு.

பெட்டியின் நினைவகம் சின்னது. மொத்தமே நாலைந்து நிமிட ஒலிதான் கொள்ளும். அதனால் பதிந்த சூட்டோடு வெட்டிவிடுவது என் பழக்கம். வேண்டிய துண்டுகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவேன். அழிக்கட்டுமா என்று பெட்டி ஒவ்வொரு முறையும் கேட்கும். சரி என்று அழுத்துவேன். வெங்காயத் தோலை யாராவது யோசித்தா குப்பையில் போடுகிறார்கள்?

அக்காவின் வீடு கிள்ளானை அடுத்த காப்பாரில். அத்தான் துறைமுகத்தில் வேலை பார்த்தார். வேலை நேரம் போக அவர் உயிர் முழுக்க உறுமி மேளத்தில் இருந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவில் அவர்தான் உறுமி. வளைந்த குச்சியால் தோலை அவர் தேய்க்கும்போது எழும் அந்த முனகலுக்காகவே அவர்களைத் திருவிழாவுக்கு அழைத்தவர்கள் உண்டு. அக்காவுக்கு அந்த உறுமி சக்களத்தி மாதிரி. "ஒங்க அத்தான் என்னக் கட்டல, அதத்தான் கட்டிருக்காரு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கடைசியாகச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுடைய கல்யாண நாளன்று அத்தான் கேரி தீவில் ஒரு கோயிலுக்கு வாசிக்கப் போய்விட்டார். அக்கா கேசரி செய்து வைத்துக் காத்திருந்து, பிறகு அதை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவரும் பேசாமல் வேலைக்குப் போனார். பதினொரு மணிக்குத் துறைமுகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த இரண்டு நாள் மௌனத்தை அக்கா எப்படிச் சுமப்பாள் என்றுதான் எனக்கு முதலில் பயம் வந்தது. அந்தப் பயத்தோடுதான் காப்பாருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். பின்சீட்டில் சேம்ப்ளரும் இருந்தது. குழுத் தலைவர் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். "பாஸ், நாளைக்கு நம்ம ஆளுக்கு நாங்கதான் அடிக்கிறோம். அத அப்படியே புடிச்சு வெச்சுக்க. அவன் பேர்ல ஒரு பாட்டு செஞ்சு குடு."

மறுநாள் வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டு, சவப்பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். அத்தானின் உறுமியை யாரும் வாசிக்கவில்லை. அதை அவர் தலைமாட்டில் ஒரு நாற்காலி மேல் வைத்திருந்தார்கள். அத்தானின் அப்பா வாசலில் நின்றுகொண்டு, யாரும் போனை வெளியே எடுக்கக் கூடாது என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். முந்தின மாதம் வேறொரு சாவு வீட்டில் எவனோ நேரலை போட்டு, அழுகிறவர்கள் முகத்துக்குக் கீழே ஊரே இதயக் குறி விட்டுக்கொண்டிருந்ததாம். பெரியவர் அதைப் பார்த்திருக்கிறார். என் சேம்ப்ளரைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார். குழுத் தலைவர் குறுக்கே வந்தார். "கேமரா இல்ல மாமா. படம் கிடம் எல்லாம் புடிக்காது. மேளச் சத்தத்துக்கு மட்டும்தான்." பெரியவர் என்னைப் பார்த்தார். "மேளம் மட்டும்தானே?" என்றார். மேளம் மட்டும்தான் என்றேன். ஆக, அத்தனை கூட்டத்தில் எதையாவது பதிவதற்கு உத்தரவு வாங்கிய ஒரே ஆள் நான்.

வாய்க்கரிசி போடும் நேரம். குழு சவப்பெட்டியைச் சுற்றி நின்று அடித்தது. கோயிலில் அடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. அழக் கூடாது என்று அடிக்கிறவர்கள் அடிக்கும் அடி அது. சேம்ப்ளரைத் தோளில் மாட்டி, காதில் ஹெட்போனை இறுக்கி, நீளக் குச்சியில் மைக்கைக் கட்டிக்கொண்டு பெட்டியருகே நின்றேன். பெண்கள் சுற்றி வந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆளாளுக்கு ஒரு பாட்டு, ஆளாளுக்கு ஒரு கணக்கு. பக்கத்தில் இருப்பவர் பேசினால் கேட்காது.

அப்போது அக்காவைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அதுவரை அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெட்டி மேல் குனிந்தாள். அத்தானின் காதருகே வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள். மெதுவாகத் தொடங்கியது, போகப் போகக் குரல் ஏறியது. இருபது வினாடி இருக்கும், முப்பதும் இருக்கலாம். நான் குச்சியை நீட்டி மைக்கை அவள் வாயருகே கொண்டுபோனேன். ஏன் என்று கேட்டால் என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் குரலும் பின்னால் பம்பையும் தப்பும் சேர்ந்து ஹெட்போனில் கேட்டபோது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அருமையான சத்தம் என்று நினைத்தேன். என் சொந்த அக்கா, கட்டின புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறாள், நான் அருமை என்று நினைத்தேன். கடைசியாக ஒரு நீண்ட கூவல் எழுந்து அது முடிவதற்குள் அவள் மயங்கிச் சரிந்தாள். பெண்கள் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். மேளம் நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து பிரிக்பீல்ட்ஸ் அறையில் உட்கார்ந்து வெட்டினேன். தப்பில் ஏழு அடி, பம்பையில் ஐந்து, தலைவரின் குரல் ஒன்று, குச்சிகள் மோதும் சத்தம் இரண்டு. பதினாறாவது சதுரத்துக்கு அக்காவின் அந்தக் கடைசிக் கூவலிலிருந்து ஒன்றரை வினாடி. வார்த்தை எதுவும் இல்லாத துண்டாகப் பார்த்துத்தான் எடுத்தேன். வார்த்தை இல்லையென்றால் யாருடையது என்று தெரியாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அப்போதே உள்ளே உறுத்தியிருக்கிறது, இல்லாவிட்டால் நியாயம் எதற்கு? மிச்சத்தை அழிக்கட்டுமா என்று பெட்டி கேட்டது. சரி என்று அழுத்திவிட்டுக் கீழே இறங்கித் தே தாரிக் குடிக்கப் போனேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் காப்பாரில் கூடினோம். சாப்பாடு முடிந்து பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா திடீரென்று சின்னம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் அன்னிக்கு அவர்கிட்ட என்ன சொன்னேன் சின்னம்மா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கூட்டிட்டு வந்தது தெரியும். அப்பறம் ரூம்ல முழிச்சேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னாத்த சொல்ல, பாவம். அப்பவும் அவர ஏசிக்கிட்டேதான் இருந்த" என்றார். பக்கத்து வீட்டுக்காரம்மா, அப்படியில்லை என்றார், கேசரி பற்றி ஏதோ சொன்னதாகக் கேட்டதாம். இன்னொருவர், மன்னிப்புக் கேட்டாள், நான் பார்த்தேன் என்றார். வாயசைவைத்தான் பார்த்திருக்கிறார், காதில் விழவில்லை. ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தருக்கும் தெரியவும் இல்லை. அக்கா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஏசிருப்பேன். ரெண்டு நாளா வாயில அதத்தான வெச்சிருந்தேன்" என்று எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அவள் கேட்டதற்கான பதில் என்னிடம் முழுசாக இருந்தது, இரண்டு நாள். அதை நான்தான் வெங்காயத் தோலாகத் தள்ளியிருந்தேன். அன்றே பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. துக்கம் ஆறட்டும் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் அவள் ஏதாவது ஒரு வழியில் அதே இடத்துக்கு வருவாள். "ஏசினேனா, இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்டா. தூக்கம் வந்துரும்." நான் கார் சாவியைத் தேடுவேன்.

வெட்கங்கெட்டவன், பாட்டையாவது தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. பதினாறாவது சதுரத்தை எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தேன், பாட்டு உப்பில்லாமல் இருந்தது. திரும்பச் சேர்த்தேன். குழுத் தலைவருக்கு அனுப்பியபோது அவர் அழுதுகொண்டே போன் செய்தார். அவர்கள் அதைத் தங்களுக்குள் பகிர்ந்தார்கள், அங்கிருந்து அது கிளம்பியது. கிள்ளான் கார்களில் கேட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் கேட்டது. யார் யாரோ அந்தக் கூவலுக்கு வாயசைத்துப் படம் போட்டார்கள். புது மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு நடந்து வரும்போது போடுகிற பாட்டாக அது ஆனது. சாவில் பிறந்த சத்தத்துக்குக் கல்யாணத்தில் ஆடினார்கள். நானும் பெருமையில் தலைகால் புரியாமல் சில வாரம் திரிந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

கிள்ளானில் ஒரு கல்யாணம். எங்கள் சொந்தம்தான். ஒலிப்பலகைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது வரிசையில் அக்கா. கதவு திறந்தது, பாட்டைப் போடச் சொல்லிக் கைகாட்டினார்கள். வேறு பாட்டுப் போடலாமா என்று பெண்ணின் அண்ணனிடம் கேட்டேன். "என்ன அங்கிள், இதுக்குத்தானே பொண்ணு ரெண்டு வாரமா நடந்து பழகுது" என்றான். போட்டேன். கூவல் வரும் இடத்தில் பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கி அதே மாதிரி கூவினார்கள். மண்டபம் அதிர்ந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இலேசாகத் தலையை ஆட்டினாள். நன்றாக இருக்கிறது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, குனிந்து, எதற்கும் தேவையில்லாத ஒரு குமிழைத் திருகினேன்.

அத்தானின் முதல் திவசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, அக்கா பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். சொல்லாமல் வந்தாள். கையில் நாசி லெமாக் இரண்டு பொட்டலம்.

"பார்க்கிங்கே கெடைக்கல லா இங்க. மூணு சுத்து சுத்துனேன். மொதல்ல சாப்புடு."

சாப்பிட்டோம். அவள் இலையை மடித்துப் பையில் போட்டாள், கையைக் கழுவிக்கொண்டு வந்தாள், சேம்ப்ளருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதுலதான இருக்கு?" என்றாள்.

"எது அக்கா?"

"நான்."

மேசை மேல் கிடந்த ஒரு மைக் வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"தீவாளிக்கு முந்தி லிட்டில் இந்தியால துணிக்கடை வாசல்ல நின்னப்பவே தெரியும்டா. என் தொண்ட எனக்குத் தெரியாதா? கையில பையோட நின்னேன், மேலேர்ந்து நான் கத்துறேன். மொதல்ல கோவம்தான் வந்துச்சு. ஒன்னக் கொன்னுரணும்னு இருந்துச்சு. அப்பறம் யோசிச்சேன், கத்துனது இவன்கிட்ட இருக்குன்னா, அதுக்கு முன்னாடி பேசுனதும் இவன்கிட்ட இருக்கும். சந்தோஷமா போச்சு. அதான் சும்மா இருந்தேன். ஒனக்கா தோணி நீயா வந்து குடுப்பன்னு பாத்தேன். கல்யாணத்துலகூட தலைய ஆட்டுனேனே. குடுடான்னுதான் ஆட்டுனேன்."

சுருட்டிய வயரை மறுபடி பிரித்தேன்.

"திவசத்துக்கு முன்னாடி கேட்டுரணும். ஏசியிருந்தா அன்னிக்கு அவர் படத்து முன்னாடி நின்னு சொல்லிருவேன், தப்புதான்னு. ஏசலன்னா இன்னும் நல்லது. எதுவா இருந்தாலும் பரவால்ல. போடு."

சொன்னேன். பெட்டி சின்னது என்றேன், அழித்துவிட்டேன் என்றேன், இரண்டாம் நாளே என்றேன். மன்னித்துவிடு என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அது மட்டும் வாயில் வரவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் விரலால் பெட்டியைக் காட்டினாள்.

"இருக்கறதப் போடு."

கூட்டிய சுருதியை இறக்கி, பழையபடி அவள் குரலாக்கிவிட்டுப் பதினாறாவது சதுரத்தைத் தட்டினேன். ஒன்றரை வினாடி. அவள் கையை நீட்டித் தானே தட்டினாள். இன்னொரு முறை. முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தேன். அந்த வெட்டுக்காக ஒரு காலத்தில் என்னை நானே மெச்சியிருக்கிறேன்.

"சரி, போவுது" என்றாள். குரல் ஆச்சரியமாக இதமாக இருந்தது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மிசின்ல இல்லாட்டி என்ன? நீ பக்கத்துலதான நின்ன. எல்லாருக்கும் மேளம்தான் கேட்டுச்சு, ஒனக்குத்தான் காதுக்குள்ளயே கேட்டுச்சு. நீ சொல்லு. நான் என்ன சொன்னேன்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் நினைத்ததில்லை. அன்றைக்கு அந்தக் கூடாரத்தில், அந்தக் குரலுக்கு அத்தனை அருகில் இருந்த உயிருள்ள காது என்னுடையது ஒன்றுதான். கண்ணை மூடி யோசித்தேன். அவள் குரல் தாழ்ந்து தொடங்கியது வந்தது. பம்பை அதன் கீழே ஓடியது வந்தது. மூச்சு எங்கே உடைந்தது என்பதுகூட வந்தது. ஒரு சொல் வரவில்லை.

"நல்லதாதாங்கா சொன்ன" என்றேன். "ஏசவே இல்ல. அன்பாதான்..."

"பொய் சொல்லாதடா" என்றாள். "ப்ளீஸ்."

வெளியே மோனோரயில் ஒன்று போனது.

"என்ன சொன்னன்னு தெரியாதுக்கா" என்றேன். "நான் மிசின்ல சத்த லெவலப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஊசி செவப்புக்குப் போயிப் போயி வந்துச்சு. சத்தம் கிழிஞ்சிரும்னு பயந்து கொஞ்சம் கொறச்சேன். அதான் ஞாபகம் இருக்கு."

அக்கா என்னை யாரோ ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நான் அவர்கிட்ட கடைசியா பேசறேன்," என்றாள், "நீ என் சத்தத்தக் கொறச்சியா?"

ஆமாம் என்றேன்.